வலியை மறைத்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 31 வயது. முடக்குவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது குழந்தை வேண்டும் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். அதற்காக மெத்தோட்ரெக்சேட் உட்பட எல்லா மாத்திரைகளையும் இரண்டு மாதத்துக்கு முன்பு நானாகவே நிறுத்திவிட்டேன். குழந்தைக்காக இந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வீட்டில் "இந்த உடம்பை வச்சுக்கிட்டு உனக்கெதுக்குப் பிள்ளை" என்கிறார்கள். இவ்வளவு வலியோடு குழந்தை பெற நினைப்பது சுயநலமா? குழந்தைக்கும் இது வருமா? தெரிந்தவர் ஒருவர் தைலமும் கஷாயமும் சொல்கிறார், எடுத்துக்கொள்ளலாமா? ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன். என்ன ஆனாலும் என் வலி என் குழந்தைக்குத் தெரியக் கூடாது.

எம்., ஈரோடு

(கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள எம்.,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளைவிட, கேட்காமல் முடிவாகச் சொல்லியிருக்கும் அந்தக் கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. அதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

யாரைக் கேட்டு எல்லா மாத்திரைகளையும் நிறுத்தினீர்கள்? மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டியதுதான். அது கருவைப் பாதிக்கும் மருந்து, ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். லெஃப்ளுனமைடு என்ற மாத்திரையும் சாப்பிட்டிருந்தால் அதை நிறுத்துவது மட்டும் போதாது. அது நெடுநாள் உடம்பில் தங்கும், வெளியேற்றத் தனியாக ஒரு மருந்து உண்டு. சரி, ஹைட்ராக்சிகுளோரோகுயினை எதற்கு நிறுத்தினீர்கள்? சல்ஃபாசலசினை எதற்கு நிறுத்தினீர்கள்? கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய சீட்டில் இரண்டும் இருக்கின்றன. இரண்டுமே கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் தொடரக்கூடியவை. சல்ஃபாசலசினோடு ஃபோலிக் ஆசிட் சேர்த்துக் கொடுப்பார்கள். இதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை, ஆனால் உங்கள் மூட்டுவாத டாக்டரிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

"குழந்தைக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்" என்கிறீர்கள். நீங்கள் பொறுத்துக்கொண்டால் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? நோய் அடங்காமல் இருக்கும்போது கரு தரித்தால் குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் டாக்டர்கள் மருந்தை மாற்றி, நோயை அடக்கி, சில மாதம் அப்படியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு "இனி முயற்சி செய்யலாம்" என்கிறார்கள். நீங்கள் செய்ததை யாரும் தியாகம் என்று பாராட்ட விடாதீர்கள். நாளைக் காலை டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

மற்ற கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். குழந்தைக்கு வருமா என்றால், மற்றவர்களைவிட வாய்ப்பு சற்று கூடுதல், அவ்வளவுதான். இந்த நோய் உள்ள பெரும்பாலான பெண்களின் பிள்ளைகளுக்கு இது வருவதில்லை. தைலம் தடவினால் இதமாக இருந்தால் தடவுங்கள். உள்ளுக்குச் சாப்பிடும் கஷாயத்தை டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள், மூலிகைதானே என்று யார் சொன்னாலும் சரி. சுயநலமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது உங்கள் கேள்வியே இல்லை, வீட்டில் யாரோ உங்கள் தலையில் ஏற்றிவிட்டது.

இப்போது அந்தக் கடைசி வரி.

என் அம்மாவுக்கு சரவாங்கி. எங்கள் பக்கம் முடக்குவாதத்தை அப்படித்தான் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பெண் பிள்ளைகள் எல்லோரும் ரெட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்டிக்கொண்டு வருவோம். எனக்கு எதிர்வீட்டு அத்தைதான் பின்னிவிடுவார். அம்மாவிடம் சீப்பை நீட்டினால் "நேரமில்லை, அத்தைகிட்ட போ" என்பாள். ஆனால் அதே காலையில், அதே வாசல்படியில், காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். குடிக்கவும் மாட்டாள், கீழே வைக்கவும் மாட்டாள். நான் அத்தை வீட்டுத் திண்ணையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே தலையைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். காபியோடு உட்கார நேரமிருக்கிறது, எனக்குப் பின்னிவிட நேரமில்லை. என் தலையைத் தொட அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு குழந்தை வேறென்ன முடிவுக்கு வர முடியும்?

விரல்களை மடக்கத்தான் அந்தச் சூடு. டம்ளர் ஆறும்வரை பிடித்திருந்தால்தான் அவளால் அடுத்து முறுக்கிப் பிழியவோ திருகவோ முடியும். இதை எனக்குச் சொன்னது பாட்டி, ஏதோ பேச்சுவாக்கில். அம்மா பாட்டியோடு அன்று சண்டை போட்டாள். "குழந்தைகிட்ட எதுக்குச் சொன்னீங்க?" அந்தக் கோபத்தை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு அன்று வந்தது பயம் இல்லை, பெரிய நிம்மதி. ஓகோ, என்னால் இல்லை, கைதான் காரணம்.

அதன் பிறகு வீடே மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பேன். "பத்து மணிக்கு மேல சரியாயிடும்" என்பாள். டப்பா மூடியைத் திறந்துவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விரல் இளகியிருக்கும்போது அவளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பின்னிவிடுவாள். சடை தளர்ந்துதான் இருக்கும், சாயங்காலத்துக்குள் அவிழ்ந்துவிடும். அத்தையின் இறுக்கமான சடையைவிட எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

எம்., நீங்கள் மறைக்க நினைப்பது வலியை. ஆனால் வலியை மட்டும் மறைக்க முடியாது. முகம் சுருங்கும், குரல் உயரும், தூக்கு என்று கை நீட்டும் குழந்தையிடமிருந்து நீங்கள் நகர்ந்துபோவீர்கள். இவையெல்லாம் குழந்தையின் கண்ணில் படும். காரணம் மட்டும் தெரியாது. காரணம் தெரியாத குழந்தை தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. வலியை வெளியே காட்டாத பெண்ணுக்கு நம் ஊரில் "பொறுமைசாலி" என்று பட்டம் கொடுத்துக்கொடுத்து, என் அம்மா போன்றவர்களின் வாயை அடைத்துவிட்டார்கள். எனக்கு அம்மா மேல் கோபமில்லை. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் மேல் இருக்கிறது.

சொல்வது வேறு, சுமத்துவது வேறு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து அழுது, "நான் செத்தாத்தான் இந்த வலி போகும்" என்று பிள்ளையிடம் புலம்புவதை நான் சொல்லவில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூடச் சொல்லலாம்: "அம்மாவுக்குக் கை வலிக்குது. உன்னால இல்ல. டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க. இப்ப மடியில உக்காரு, சாயங்காலம் தூக்குறேன்." இதில் எதையும் விட்டுவிடாதீர்கள், முக்கியமாக "உன்னால இல்ல" என்பதை. சாயங்காலம் தூக்குவதாகச் சொல்லியிருந்தால் முடிந்தவரை தூக்கிவிடுங்கள்.

வலியை வாய்விட்டுச் சொல்வதால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் நோயின் வரலாற்றிலேயே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர் இருந்தார். முடக்குவாதம் வந்த சிலருக்கு மஞ்சள் காமாலை வந்தால் மூட்டுவலி குறைவதை 1929-இல் கவனித்தார். பிறகு, கர்ப்பமான பெண்களுக்கும் அப்படிக் குறைவதைப் பார்த்தார். "இந்த மாசம் கை நன்றாக மடங்குகிறது" என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்க வேண்டும், அவர் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். அப்படியானால் உடம்பே ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தார். 1948 செப்டம்பரில், நடக்கவே சிரமப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு, அட்ரீனல் சுரப்பியில் சுரக்கும் கார்ட்டிசோன் என்ற ஹார்மோனை முதன்முதலாக ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும், அந்தச் சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கெண்டால், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதிக அளவில் கொடுத்தால் அந்த மருந்து செய்யும் கெடுதல்கள் பின்னால்தான் முழுதாகத் தெரிந்தன, அது வேறு கதை. உங்களுக்கு டாக்டர் கொடுக்கும் பிரெட்னிசலோன் அதே குடும்பத்து மருந்துதான். பேர் தெரியாத அந்தக் கர்ப்பிணிகள் பொறுமைசாலிகளாக வாயை மூடிக்கொண்டிருந்தால் ஹென்ச் எதை வைத்துத் தேடியிருப்பார்?

கர்ப்ப காலத்தில் வலி குறைவது எல்லோருக்கும் நடப்பதில்லை, சுமார் பாதிப் பேருக்கு நடக்கிறது. உங்களுக்கும் நடந்தால் சந்தோஷம். ஆனால் அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் பலருக்கு நோய் மறுபடி கிளம்பும். நம் வழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் குழந்தையோடு புகுந்த வீட்டில் கொண்டுவிடுவார்கள். எந்த மாதங்களில் கை முடங்குமோ அந்த மாதங்களில்தான் பக்கத்தில் இருந்த அம்மாவின் கையையும் எடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் நல்லபடியாக இருக்கும்போது போட்ட கணக்கு அது. உங்களுக்கு அது பொருந்தாது. கொண்டுவிடும் நாளை உங்கள் உடம்பு முடிவு செய்யட்டும். பஞ்சாங்கம் அதற்குப் பிறகு வரட்டும். இதைப் பிரசவ ஆஸ்பத்திரியில் வைத்துப் பேச முடியாது, இப்போதே பேசுங்கள். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும், இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, உங்கள் கணவர் பேசட்டும். கடிதத்தில் அவர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார். ராத்திரி எழுந்து குழந்தையைத் தூக்கி உங்கள் மடியில் வைப்பது அவர் வேலை. அதை அவரிடம் இப்போதே சொல்லிவிட்டீர்களா?

சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன. முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் ஜப்லா வாங்காதீர்கள், காலை ஆறு மணிக்கு அந்தக் கயிற்றை உங்கள் விரலால் அவிழ்க்க முடியாது. முன்பக்கம் வெல்க்ரோ வைத்தது கிடைக்கிறது. தூளியைத் தரையை ஒட்டிக் கட்டாமல் உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கட்டச் சொல்லுங்கள். குழந்தையை விரல்களாலும் மணிக்கட்டாலும் பிடித்துத் தூக்காமல், முழங்கைவரை உள்ளே விட்டு முன்கைகளில் ஏந்திக்கொள்ளப் பழகுங்கள். காலை நீட்டிக் குழந்தையைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டுவதை வேறு யாராவது செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றுங்கள். பால் கொடுக்கும்போது கைக்கு அடியில் தலையணை. பால் கொடுக்கிற காலத்தில் மெத்தோட்ரெக்சேட் கூடாது. மற்றவற்றில் எவை ஆகும் என்று பிரசவத்துக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பால் கொடுப்பதா மருந்து சாப்பிடுவதா என்று ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து அழ வேண்டியிருக்காது.

மற்றதெல்லாம் பிறகு. நாளைக்கு போன், அப்புறம் டாக்டர். நிறுத்திய மாத்திரைகளை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவரும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். டாக்டர் சொன்னதையும் கணவர் சொன்னதையும்தான் கேட்கிறேன். வீட்டில் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டாம்.

அன்புடன்.