பதின்ம வயதுப் படங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர்: அண்ணா, பள்ளிக்கூடப் படங்களில் பொடியன்களாக நடிப்பவர்கள் ஏன் மாமா வயதில் இருக்கிறார்கள்?

சட்டம்தான் தம்பி, முக்கியமாக ஹாலிவுட்டில். பதினெட்டு நிறையாதவர்களிடம் இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்க முடியாது, படிப்புக்கும் நேரம் விட வேண்டும். வளர்ந்தவர் என்றால் இரவிரவாகப் படம் பிடிக்கலாம். 1978இல் வந்த 'கிரீஸ்' படத்தில் மாணவியாக வந்த ஸ்டாக்கார்ட் சானிங் அப்போது முப்பதைத் தாண்டியவர்! நம்மவர்களிலும் விதிவிலக்கு உண்டு. 'துள்ளுவதோ இளமை' (2002) வந்தபோது தனுஷுக்கு 18 தான்.

வெள்ளவத்தை அம்மா: மகளுக்குப் பதினான்கு வயது. இந்தியப் படத்தில் யூஏ (பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம்) என்று போட்டிருந்தால் நம்பிக் காட்டலாமா?

2024 முதல் யூஏ என்பதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள் அக்கா. 16 என்றிருந்தால் முதலில் நீங்கள் பாருங்கள். ஆனால் ஒரு பெண்ணின் பின்னால் சுற்றித் தொல்லை கொடுப்பவனை நல்லவனாகக் காட்டும் படங்களும் அந்த முத்திரையோடு தாராளமாக வருகின்றன. மகளோடு உட்கார்ந்து பாருங்கள். புத்திமதி வேண்டாம், "உன் வகுப்பில் ஒருவன் இப்படிச் செய்தால்?" என்று கேட்டால் போதும்.

தெஹிவளை ஆசிரியை: இலங்கையில் எடுத்த படம் ஏதாவது?

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கொளு ஹதவத்த' (1968). கருணாசேன ஜயலத்தின் சிங்கள நாவலிலிருந்து எடுத்தது. பள்ளி மாணவன் சுகத்துக்குத் தம்மி மீது காதல். முதலில் அவன் கண்டதை மட்டுமே பார்க்கிறோம். அவள் ஏன் விலகினாள் என்று அவனைப் போலவே நமக்கும் பிடிபடாது. பிறகு தம்மி தன் பக்கத்தைச் சொல்லும்போது அதே நாட்கள் வேறு மாதிரித் தெரியும். நம் தமிழ்ப் பள்ளிக்காதல் படங்களில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளை என்ன நினைத்தாள் என்று கேட்பதே இல்லை, அதுதான் என் கோபம். மாணவர்களுக்குக் காட்டுவதானால் நடுவில் நிறுத்தி, தம்மி ஏன் விலகினாள் என்று எழுதச் சொல்லுங்கள். பையன்கள் எழுதுவதை வாசிக்க எனக்கும் ஆசை.

ஏ.எல். படிக்கும் மூவர்: போனில் குறும்படம் எடுக்கிறோம். கையில் காசு இல்லை.

காசு இல்லை என்றால் இடத்தைக் குறையுங்கள். 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) ஐந்து மாணவர்கள், ஒரு சனிக்கிழமை, பெரும்பாலும் ஒரே நூலகம். உங்களுக்கு ரியூஷன் முடிந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் அரை மணி நேரம் இருக்கிறதே! வசனத்தை மட்டும் இன்னொரு போனில், பேசுபவரின் சட்டைப் பையில் வைத்துப் பதியுங்கள். இல்லாவிட்டால் படம் முழுக்க ஹோர்ன் சத்தம்தான் கேட்கும்.