அட்டை வாளும் எழுந்து போன பையனும்

கேள்வி: என் 8 வயது மகனுக்குப் பள்ளி நாடகத்தில் போர்வீரன் வேடம். வாளும் கேடயமும் வீட்டிலேயே செய்யலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். வாள் நடுவில் மடிந்து தொங்குகிறது. அவன் கோணலாக ஒட்டியதை நான் பிரித்து ஒட்டினேன், கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். இன்னும் 6 நாள்தான். கடையில் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். 6 நாள் தாராளம்.

முதலில் பையனைக் கூப்பிடுங்கள். "நீ ஒட்டினதை நான் பிரிச்சது தப்பு" என்று சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். நானும் இதைச் செய்தவள். என் மகள் கிரீடத்தில் கோணல் மாணலாக ஒட்டியிருந்த மணிகளை அவள் தூங்கிய பிறகு ஒவ்வொன்றாகப் பெயர்த்து நேராக்கி வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தவள், "இது என்னோடது இல்லையே" என்று கீழே வைத்துவிட்டாள். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, வாளுக்கு வருவோம். பெட்டி அட்டையின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், இரண்டு தாளுக்கு நடுவில் அலை அலையாக ஒரு தாள் ஓடும். அந்த அலைகள் உண்டாக்கும் குழாய்கள் போகும் திசையில் அட்டை விறைப்பாக நிற்கும், குழாய்களுக்கு இணையான கோட்டில் மடித்தால் சட்டென்று மடியும். நீங்கள் குறுக்கே வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாளின் நீளம் குழாய்களின் திசையிலேயே வரும்படி 2 துண்டு வெட்டி, குழாய் குறுக்கே ஓடும் துண்டு ஒன்றை நடுவில் வைத்து ஒட்டுங்கள். பசையை மெல்லிசாகத் தடவினால் போதும், அதிகமானால் ஈரத்தில் அட்டை நெளியும். கனமான புத்தகங்களை மேலே அடுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பிடியைத் தனியாகச் செய்து ஒட்டாமல் வாளோடு சேர்த்தே வெட்டுங்கள், இல்லாவிட்டால் மேடையில் முதல் வீச்சிலேயே அந்த இடம்தான் பிய்யும். நுனி மழுங்கலாக இருக்கட்டும்.

கத்தியும் சூட்டுப் பசைத் துப்பாக்கியும் உங்கள் கையில் மட்டும். குறைந்த சூட்டில் ஓடும் துப்பாக்கியில்கூடப் பசை தோலைச் சுட்டுவிடும். வரைவது, வெள்ளைப் பசை தடவுவது, வண்ணம் பூசுவது எல்லாம் அவன் வேலை, கோணலாக வந்தாலும் கை வைக்காதீர்கள், பார்க்க முடியாவிட்டால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வண்ணத்தை இரண்டு பக்கமும் பூசச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் பூசினால் காயும்போது வளையும். வாள் பளபளக்க வேண்டுமென்றால் அலுமினியத் தாளைக் கசக்கி, பிரித்து, சுற்றி ஒட்டலாம். சுத்தியலால் அடித்துச் செய்த உலோகம் மாதிரியே இருக்கும், கசக்குகிற வேலையை அவனே ஆசையாகச் செய்வான்.

கேடயத்துக்குக் குழாய்கள் மேலிருந்து கீழாக ஓடட்டும், அப்போதுதான் அழகாக வளைக்க முடியும். கைப்பட்டையை வெறுமனே ஒட்டாதீர்கள், அட்டையில் கீறல் போட்டுத் துணிப்பட்டையை உள்ளே நுழைத்து முடிச்சுப் போடுங்கள். நாடகத்துக்கு 2 நாள் முன்பே முழு உடையோடு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டைக் கையின் தடிமனில் பட்டை இறுகினால் முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக்கொள்ளலாம்.