எழுத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளை: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர் முப்பது வருடம் பத்திரிகைப் பக்கம் வடிவமைத்தவர். அதற்கு முன் திருநெல்வேலியில் கடை போர்டு எழுதியவர்.)

விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கிலத்தில் போஸ்டர் செய்தால் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அதே டிசைனில் தமிழை வைத்தால் ‘ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருக்கு’ என்கிறார்கள். தினமும் பின்டரெஸ்ட் பார்க்கிறேன், ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது. வேறு எங்கே போய்த் தேடுவது சார்?
மாணவி, கும்பகோணம்

ரேஷன் கடை அறிவிப்பை அவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள் அம்மா. என்றைக்கு அரிசி, எத்தனை கிலோ என்பது வரிசையில் கடைசியாக நிற்கிற பாட்டிக்கும் புரிந்துவிடுகிறது. உங்கள் போஸ்டரை அவர் படிப்பாரா?

‘அதே டிசைனில் தமிழை வைத்தால்’ என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால், மேலும் கீழும் கத்தரித்த மாதிரி ஒரு பட்டையாக நிற்கும். இரண்டு வரியை ஒட்டி அடுக்கலாம், எழுத்தைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ‘கி’யின் விலங்கு என்கிற வளைவு மேலே ஏறுகிறது, ‘மூ’வின் சுழி கீழே இறங்குகிறது. வரியை நெருக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் 16 பாயின்ட் எழுத்துக்கு 24 பாயின்ட் வரி இடைவெளி விடுகிறவன். எழுத்தைத் தள்ளி வைக்கிற வேலையும் இங்கே எடுபடாது. ‘கொ’வை விரித்தால் கொம்பு ஓர் ஊரில், ககரம் ஓர் ஊரில், கால் ஓர் ஊரில் போய் நிற்கும். சாய்வெழுத்தும் நமக்குப் பழக்கமில்லை. கம்ப்யூட்டர் அதுவாகச் சாய்த்துக் கொடுப்பது, காற்றில் சரிந்த பந்தல்.

பதினாறு வயதில் என் கையில் முதன்முதலாகக் கிடைத்த போர்டு ‘பலசரக்குக் கடை’. ஒன்பது எழுத்து. சுண்ணாம்பு நூல் அடித்து ஒன்பது கட்டம், எல்லாம் சம அளவு. கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று நினைப்பு! எழுதி முடித்தால் ‘ர’ இரண்டு பக்கமும் காலி இடத்தோடு தனியாக நிற்கிறது. ‘டை’ கட்டத்துக்குள் அடங்காமல் நெளிகிறது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ‘பலச’ ஒரு சொல், ‘ரக்குக்கடை’ இன்னொரு சொல். வாத்தியார் வந்து பார்த்தார், திட்டவில்லை. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து முழுவதையும் துடைத்துவிட்டு, “எழுத்தைப் பாக்காதல, நடுவுல கெடக்க வெள்ளையைப் பாரு” என்றார். அதற்குப் பிறகு நான் கட்டம் போட்டதில்லை. ஒவ்வோர் இரண்டு எழுத்துக்கும் இடையே ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுவேன். கம்ப்யூட்டரில் தலைப்பு வைக்கும்போதும் இதே கணக்குத்தான். உங்கள் போஸ்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படிக்க முடியாதபோது வெள்ளை மட்டும் கண்ணில் படும்.

எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன். பின்டரெஸ்டை என் பேத்தியின் போனில் ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தமிழ் எழுத்து மூன்று இடத்தில் வந்தது. அதில் ஒன்று உடைந்திருந்தது.

உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். சாய்வெயில் நேரத்தில் பெரிய கோயிலுக்குப் போங்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ராஜராஜன் வெட்டவைத்த கல்வெட்டு ஓடுகிறது. ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்’ என்று, யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு. ஆயிரம் வருடம் ஆகிறது. புள்ளி பெரும்பாலும் இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ஆனாலும் வரி ஒரே கனத்தில் போகிறது. உளி எந்த வளைவில் திரும்பியிருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்று பாருங்கள். போட்டோ எடுத்தால் மட்டும் போதாது, பட்டை பிரஷ்ஷால் நாலு எழுத்தை எழுதிப் பார்க்க வேண்டும். கைக்குத் தெரிந்தது கண்ணுக்குப் பிறகு வரும்.

சென்னை வந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் உட்கார்ந்து அத்தனையையும் சேர்த்தவர் போர்டு எழுதுகிற ஓவியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். பழைய அட்டைகளையும் நோட்டீஸ்களையும் கேட்டுப் பாருங்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதிய தலைப்புகளைத் தேடிப் பிடியுங்கள். கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து, எழுத்து பாதி படமாகவே ஆகியிருக்கும். அதைப் பார்த்து அப்படியே எழுதினால் காப்பி. ஏன் அந்த இடத்தில் தடித்தது என்று கேட்டால் பாடம்.

பத்து வருடமாக டிடிபி வேலை. போட்டோஷாப்பில் தமிழைப் போட்டால் கொம்பு இடம் மாறுகிறது, புள்ளி வட்டம் வருகிறது. அதனால் பாமினி என்கிற பழைய ஃபான்டை விடமுடியவில்லை.
வாசகர், சிவகாசி

பாமினியில் அடித்ததை இன்னொரு இடத்தில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும். நாளைக்கு யாராலும் தேடி எடுக்க முடியாது. ஃபான்ட் மேல் குற்றமில்லை தம்பி, செட்டிங் பாருங்கள். போட்டோஷாப் பழையது என்றால், அதன் பிரிஃபரன்ஸஸில் டைப் என்ற பகுதியில் ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பாராகிராஃப் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி கம்போஸர்’ இருக்கிறது. யூனிகோடில் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து எண் முறை) நல்ல எழுத்தே இல்லை என்ற காலம் போயிற்று. முக்தா மலர் ஃபான்டில் ஏழு தடிமன், கேட்டமரனில் ஒன்பது, இரண்டும் கூகுளில் இலவசம். கையெழுத்து மாதிரி வேண்டுமென்றால் இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார். தடிமன் வேண்டுமானால் ஃபான்டிலுள்ள தடித்த எழுத்தையே எடுங்கள். ‘போல்டு’ பட்டனை அழுத்திச் செயற்கையாகத் தடிக்கவைத்தால் ‘ணை’, ‘ஞ’ இரண்டின் சுழியும் மையில் அடைத்துக்கொள்ளும். ஃபான்ட் எடுக்கும் முன் ‘ரா’ என்று அடித்துப் பார்ப்பது என் வழக்கம். சிலவற்றில் ரகரமும் காலும் ஒரே அச்சு, படிப்பவர் தடுமாறுவார்.

அப்பாவின் சதாபிஷேகப் பத்திரிகையை அவர் சின்ன வயதில் படித்த பழைய எழுத்தில், துதிக்கை போட்ட ‘லை’யோடு அடிக்க ஆசை. செய்யலாமா?
வாசகி, காரைக்குடி

தாராளமாக. 1978 அரசாணைக்குப் பிறகுதான் ‘லை’ உள்பட 13 எழுத்தும் மாறின. பெரியார் 1935-லேயே தம் ‘குடி அரசு’ இதழில் தொடங்கியது அது. யூனிகோடில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் ஒரே எண்கள்தான், வடிவம் ஃபான்டில் இருக்கிறது. பழைய வடிவம் கொடுக்கும் ஃபான்டைப் போட்டால் தானாக மாறிவிடும். ஆனால் தலைப்பிலும் அப்பா பெயரிலும் மட்டும் வையுங்கள். மண்டபத்தின் முகவரியையும் முகூர்த்த நேரத்தையும் இன்றைய எழுத்தில் அடியுங்கள். கார் ஓட்டி வரப்போவது பேரன்தானே?

உங்களுக்கு எழுதவே பிடிக்காத எழுத்து எது?
வாசகர், கோவில்பட்டி

‘இ’. எங்கே தொடங்கினாலும் எங்கேயாவது கோணும். இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். போர்டு எழுதுகிறவன் அதனிடமிருந்து தப்பவும் முடியாது. ‘இங்கு சைக்கிள் வாடகைக்கு விடப்படும்’, ‘இங்கு குளிர்ந்த மோர் கிடைக்கும்’, ‘இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்’.