ஆகஸ்டில் இலங்கை: மழையும் காற்றும்

அன்புள்ள ஐயா,

ஆகஸ்ட் விடுப்பில் மனைவி, இரு குழந்தைகளுடன் இலங்கை செல்ல எண்ணியுள்ளோம். டிசம்பர் முதல் மார்ச் வரையே ஏற்ற காலம், ஆகஸ்ட் மழைக்காலம் என்று பல இடங்களில் படித்தேன். மழையில் மாட்டிக்கொண்டு பணம் வீணாகிவிடுமோ என்று தயக்கம். உடை, தங்கும் கட்டணம் பற்றியும் சொல்லுங்கள்.

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

தாராளமாகச் செல்லுங்கள். உடையையும் கட்டணத்தையும் பயண முகவரே சொல்லிவிடுவார். நீங்கள் மழையை மட்டும் கேட்டு, காற்றைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்காததுதான் என்னை எழுத வைத்தது. இந்தச் சோளகக் காலம், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலம், முழுவதும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுவே.

கோயம்புத்தூரில் வாழ்கிறவர் இப்படிக் கேட்கலாமா? ஆடி மாதத்தில் வால்பாறையில் மழை கொட்டித் தீர்க்கும்போது உங்கள் ஊருக்குக் காற்றும் தூறலும்தானே வந்து சேர்கின்றன? அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மே முதல் செப்டெம்பர் வரை இலங்கையின் மலைநாட்டில் மோதி, மேற்குச் சரிவிலுள்ள இரத்தினபுரி, கித்துல்கல பக்கம் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு, மறுபுறம் ஊவா மாகாணத்தின் சரிவுகளில் இறங்கும்போது சூடேறி, கிழக்குக் கரையின் மட்டக்களப்பை அடைகையில் கச்சான் என்னும் வறண்ட காற்றாகிவிடுகிறது. டிசெம்பரில் வடகிழக்கிலிருந்து வாடை வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழ்: மழை கிழக்குக்கும் வடக்குக்கும், வெயில் கொழும்புக்கும் காலிக்கும். நீங்கள் படித்த கணக்கு மேற்கு, தெற்குக் கரைகளுக்கு உரியது. அதை முழுத் தீவுக்கும் பொருத்தி எழுதுகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. அந்தக் கணக்கில் எங்கள் கிழக்குக் கரை இல்லவே இல்லை.

மட்டக்களப்பின் கல்லடியில் என் சிறுவயதில், கச்சான் வீசும் நடுப்பகலில் கொடியில் போட்ட சேலை சற்று நேரத்திலேயே மொரமொரவென்று விறைத்துவிடும், உதடு வெடிக்கும். அம்மம்மா விறாந்தையில் தண்ணீர் தெளித்துவிட்டு, பிற்பகலில் கடற்காற்று திரும்பும்வரை எங்களை வெளியே விடமாட்டார். அந்த மாதங்களில்தான் எங்கள் கடல் அடங்கிக் கிடக்கும். மேற்குக் கரை மீனவர்களில் பலர், தம் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் கிழக்குக்குப் பெயர்ந்து வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்வதும் அதனாலேயே. அவர்கள் மழையைப் பார்த்துப் புறப்படுவதில்லை.

ஆகவே ஓகஸ்டில் நீங்கள் அஞ்சவேண்டியது மழைக்கு அல்ல, காற்று எழுப்பும் கடலுக்கு. மேற்கு, தெற்குக் கரைகளிலுள்ள ஹிக்கடுவையிலும் மிரிசையிலும் பளீரென்று வெயிலடிக்கும் நாளில்கூட அலை குமுறும், நீரோட்டம் உள்ளே இழுக்கும். வானம் தெளிந்திருக்கிறதே என்று அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். இதைக் கெஞ்சியும் கேட்கிறேன், அதட்டியும் சொல்கிறேன்.

கிழக்குக் கரையின் திருகோணமலைக்கும் பாசிக்குடாவுக்கும் செல்லுங்கள். அதே கரையின் அறுகம்குடா அப்போது அலைச்சறுக்குக்காரர்களின் இடம், குழந்தைகளுக்கு வேண்டாம். வழியில் மின்னேரியா தேசியப் பூங்காவில் ஒரு மாலை நில்லுங்கள்: மழையற்ற மாதங்களில் குளம் வற்றி, வெளிப்பட்ட தரையில் முளைக்கும் இளம்புல்லுக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக வருவது இந்தக் காலத்தில்தான்.

பாசிக்குடாவில் வெகுதூரம் வரை ஆழம் குறைவு; குழந்தைகள் நன்றாகக் குளிக்கலாம். ஆனால் காற்றடைத்த மிதவைகளைக் கொண்டுபோக வேண்டாம். கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அமைதியான தண்ணீரில் மிதக்கும் பிள்ளையை அது ஓசையின்றி வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும்.