அம்மாவின் நூல் புடவைகளைப் போகிக்குப் போடாதீர்கள்

கேள்வி: கார்த்திகை பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். பிள்ளைகள் பள்ளிக்கும் கணவர் வேலைக்கும் போன பிறகு நானும் மாமியாரும்தான் வீட்டில். அம்மா கட்டிய நூல் புடவைகள் எட்டு, பெட்டியில் இருக்கின்றன. போகிக்கு எரித்துவிடலாம் என்கிறார் கணவர்; எனக்கு மனம் வரவில்லை. போன வருஷம் இரண்டு புடவைகளைச் சேர்த்துக் கையாலேயே போர்வை தைத்தேன். நடுவில் பை போலத் தொங்கி, ஓரமெல்லாம் சுருங்கிவிட்டது. தையல் மெஷின் கிடையாது. மாமியாருக்கு 76 வயது, பார்வை மங்கல், ஆனால் சும்மா உட்கார மாட்டார். இந்த ஈர மாதங்களில் நாங்கள் இருவரும் வீட்டுக்குள்ளேயே என்ன செய்யலாம்? வாசல் கோலம் கரையாமலிருக்கவும் வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எரிக்க வேண்டாம், சகோதரி. பல வருஷம் கட்டித் துவைத்த நூல் புடவையின் மென்மை கடையில் வாங்கும் எந்தப் போர்வையிலும் கிடைக்காது. நம் கடலோரத்துக் குளிருக்கு அதுவே போதும். தை மாதத்தில்கூட இரவில் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பஞ்சு அடைத்த ரஜாய் இங்கே வியர்க்க வைக்கும், துவைத்தால் காயவும் காயாது. நாலு அடுக்கு நூல் துணிதான் நமக்குச் சரியான கனம்.

போன வருஷம் நீங்கள் ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கியிருப்பீர்கள். ஊசி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மேலடுக்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளும். நாலு பக்கமும் ஓரத்தை மூடிவிட்டால், அப்படித் தள்ளப்பட்ட துணி வெளியேற வழியில்லாமல் நடுவில் சேர்ந்து தொங்கும். நூலை இறுக்கி இழுத்தால் ஓரம் சுருங்கும். இரண்டு புடவையில் ஒன்று பாலியஸ்டர் கலந்ததாக இருந்திருந்தாலும் இதே கதிதான்: முதல் துவையலில் நூல் துணி சுருங்கும், மற்றது அப்படியே நிற்கும். சந்தேகமிருந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

எட்டுப் புடவையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுங்கள். லேசான இழுப்பிலேயே கிழிந்தால் அது போர்வைக்கு ஆகாது, கரித்துணிதான். இற்றுப்போகாமல் நைந்திருந்தால் உள்ளடுக்குக்கு ஆகும். கெட்டியாக நிற்பது வெளிப்பக்கத்துக்கு. ஜரிகைக் கரை இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், அது உடம்பைக் கீறும்.

தேர்ந்தெடுத்ததை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கசக்கிக் கஞ்சி முழுக்கப் போகச் செய்யுங்கள். கஞ்சி மிச்சமிருந்தால் இந்த ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும், பாச்சை அரிக்கும். அரக்குச் சிவப்பு, கரும்பச்சை, நீலம் ஆகியவற்றின் மேல் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகப் பலமுறை அலசுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீர் சாயத்தைக் கட்டும் என்பதை நம்பி வெள்ளைப் புடவையோடு சேர்த்துவிடாதீர்கள். வெயில் இல்லாவிட்டால் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிக் காயவையுங்கள். கைக்குக் காய்ந்ததுபோலத் தெரிவது கன்னத்தில் வைத்தால் ஜில்லென்றிருக்கும். அப்படியிருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை.

இப்போது அளவு. புடவை ஏறக்குறைய 18 அடி நீளம், 45 அங்குல அகலம். கெட்டியான புடவையில் 12½ அடி வெட்டி இரண்டாக மடித்தால் போர்வையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஆயிற்று. மடிப்பைக் கால்மாட்டுப் பக்கம் வைத்துக்கொண்டால் மூன்று ஓரம் மட்டும் அடித்தால் போதும். நைந்த புடவையில், முந்தானையை விட்டுவிட்டு, ஆறே கால் அடியில் இரண்டு துண்டு எடுத்து உள்ளே மடிப்புவரை செருகுங்கள். ஐந்தாவது அடுக்கு சேர்க்க ஆசை வரும். வேண்டாம், ஊசி இறங்காது, மணிக்கட்டு வலிக்கும். மிச்சமிருக்கும் ஐந்தரை அடித் துணி ஓரம் அடிக்கத் தேவைப்படும், பத்திரப்படுத்துங்கள்.

கூடத்துத் தரையைத் துடைத்துக் காயவிட்டு, முதல் அடுக்கை விரித்து, நாலு மூலையையும் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். அடுத்தடுத்த அடுக்குகளை நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவிவிட்டுப் பரப்புங்கள். பிறகு ஒரு சாண் இடைவெளியில், விரல் நீளத் தையலாக, வேறு நிற நூலை நீளத்திலும் குறுக்கிலும் ஓட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் உருவப்போகிற நூல்தானே என்று இதை விட்டால் போன வருஷக் கதைதான். பாதிப் பிழை இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பதில்தான் வருகிறது.

தைக்கும் வரிசைகள் நீளவாக்கில் ஓடட்டும். முதல் வரிசை நட்ட நடுவில். அடுத்தது அதற்கு ஒன்றரை அங்குலம் வலப்பக்கம், அதற்கடுத்தது இடப்பக்கம் என்று மாறி மாறி வெளியே வாருங்கள். மிகுதித் துணி ஓரத்துக்கு நகர்ந்துவிடும். 45 அங்குல அகலத்தில் 29 வரிசை வரும், இரு ஓரத்திலும் ஒன்றரை அங்குலம் மிஞ்சும். மார்கழிக்கும் பெரும்பாலும் 29 நாள். டிசம்பர் 16 வாக்கில் தொடங்கி நாளுக்கு ஒரு வரிசை போட்டால் போகிக்குள் முடிந்துவிடும். ஒரு வரிசைக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் விட்டுப்போனாலும் ஒரே நாளில் இரண்டு வரிசை போட்டு ஈடுகட்டலாம். பகல் வெளிச்சத்தில் தையுங்கள்.

7 அல்லது 8 நம்பர் கை ஊசி, பருத்தி நூல். பாலியஸ்டர் நூல் வலுவானது, ஆனால் நாளடைவில் நைந்த துணியை அறுத்துவிடும். ஆறு பிரி எம்பிராய்டரி நூலில் மூன்று பிரியாகப் பிரித்துத் தைத்தால் 8 மீட்டர் சுருள் ஆறு போதும். ஒரே நிறத்தில் ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள், பிறகு போனால் அதே சாயல் கிடைப்பது கடினம். ஒரு தடவைக்கு ஒரு முழத்துக்குமேல் கோக்காதீர்கள். நீள நூல் சிக்கும், துணிக்குள் போய்ப் போய் வரும்போது நைந்தும் போகும். மெழுகுவத்தித் துண்டின்மேல் ஒருமுறை இழுத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அங்குலத்துக்கு நாலு ஓட்டுத் தையல், நாலு அடுக்கும் பிடிபடுகிறதா என்று இடையிடையே திருப்பிப் பாருங்கள். முடிச்சை அடுக்குகளுக்குள் மறையுங்கள். ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை துணியை விரலால் நீவிவிட்டால் இறுக்கம் தளர்ந்துவிடும். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்துபோகாதீர்கள். இந்தக் காற்றில் ஓர் இரவில் துருவேறிக் கறை வைக்கும். பழுப்புத் துருக்கறை துவைத்துப் போகாது.

29 வரிசையும் முடிந்த பிறகு மிகுதியைச் சமமாக வெட்டி, மீதித் துணியில் 3 அங்குல அகலப் பட்டை நாலு எடுத்து, சாய்வாக ஒட்டுப்போட்டு நீளமாக்குங்கள். நேராக ஒட்டுப்போட்டால் அந்த இடம் தடித்துக்கொள்ளும். மேல்பக்க ஓரத்தில் அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்து, பின்பக்கம் மடித்து ஹெம்மிங் போடுங்கள். மூலையில் பட்டையை இழுக்காதீர்கள், போர்வை அங்கே குவியும்.

மாமியாருக்கு வருவோம். பார்வை இல்லாமல் விரல் செய்கிற வேலைகள் இந்த மாதத்தில் நிறைய. பழைய வேட்டியை ஒரு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் கிழித்துக் கொடுங்கள். விரலில் கொஞ்சம் விபூதி தொட்டுக்கொண்டு தொடையில் வைத்து உருட்டினால் திரி வழுக்காமல் இறுகும். தடிமனான திரி கரி கக்கும், ஈரமான திரி படபடவென்று பொரியும். அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் தகர டப்பாவில் போட்டுவையுங்கள், ஏற்றுவதற்கு முந்தின இரவே எண்ணெயில் ஊறட்டும். டிசம்பர் பூ பூத்துவிட்டால் அதைத் தொடுக்கவும் அவரிடமே கொடுங்கள். நனைத்த வாழைநாரில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து முடிச்சு. வாசனை கிடையாது, சீக்கிரம் வதங்கும், ஆனாலும் அந்த ஊதாவைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகப் பெண் குழந்தைகளுக்குப் பிடிக்கும். போர்வை முடிந்ததும் முதலில் ஓட்டிய நூலை உருவுகிற வேலையும் அவருக்கே இருக்கட்டும்.

கோலத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: நேராக மழை விழுகிற இடத்தில் எந்தக் கோலமும் நிற்காது. தூறல் படாத திண்ணையிலும் நடையிலும் மாக்கோலம் போடுங்கள். 100 கிராம் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து மையாக அரைத்து, மோருக்கும் தோசைமாவுக்கும் நடுவான பதத்தில் கரையுங்கள். சிறு துணியைத் தோய்த்து நடுவிரல், மோதிரவிரல் வழியாகக் கசியவிட வேண்டும். தரை ஈரம் துடைத்திருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் கோடு பரவிவிடும். கெட்டியாகக் கரைத்தால் காய்ந்ததும் ஏடு ஏடாகப் பெயரும். வழவழப்பான டைல்ஸ் என்றால் வேண்டாம், மாவும் பிடிக்காது, ஈரத்தில் கால் வழுக்கும். ஒட்டும் பிளாஸ்டிக் கோலமும் ஈரத்தில் அப்படித்தான். 76 வயதுக்காரர் நடமாடும் வீட்டு வாசலில் அது ஆபத்து.

தெருவில் மழை விட்ட காலைகளில் பொடிக்கோலம். பொடி கட்டிப்பட்டிருந்தால் வாணலியில் சிறு தீயில் ஐந்து நிமிடம் வறட்டி, ஆறவைத்துச் சலியுங்கள். விரலிடுக்கில் சீராக விழ, பொடி ரவைப் பதத்தில் இருக்க வேண்டும், மாவாக நைந்திருந்தால் திட்டுத்திட்டாக விழும். வண்ணப்பொடியில் உப்பு கலக்காதீர்கள், ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். சாணி உருண்டையில் செருக ஆண் பூசணிப்பூவை மட்டும் பறியுங்கள். காம்பு நீளமாக, பூவுக்கடியில் பிஞ்சு இல்லாமல் இருப்பது அது. கொடியில் இரண்டு ஆண் பூவையாவது விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் பிஞ்சு காய்க்காமல் வெம்பி உதிரும்.

சமையலறையில் வெயில் கேட்காத ஒரு வேலை உப்பு நெல்லி. இப்போதுதான் நெல்லிக்காய்க் காலம். அரைக் கிலோ காய்க்கு ஒரு லிட்டர் தண்ணீர், 70 கிராம் கல்லுப்பு (மரக்காணத்து உப்பு கிடைத்தால் நல்லது), அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், கீறிய பச்சைமிளகாய் ஆறு. உப்பும் மஞ்சளும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் காய் குழையும். காயைத் துடைத்து நாலு இடத்தில் குத்தி, மிளகாயோடு கண்ணாடி ஜாடியில் போட்டு ஊற்றி, மேலே சிறு பீங்கான் தட்டைக் கனமாக வையுங்கள். மிதக்கிற காயில்தான் பூஞ்சணம் தொடங்கும். பத்து நாளில் உப்புப் பிடித்துவிடும். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோலப் பூத்தால், கெட்ட வாடை அடித்தால், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். ஈரக் கரண்டி போடவே கூடாது. காய் தீர்ந்த பிறகு மிஞ்சும் உப்புநீரை மோரில் ஒரு கரண்டி விட்டுக் குடிக்கலாம்.

வடாமும் மோர்மிளகாயும் இப்போது வேண்டாம். ஜனவரி நெருங்கிவிட்டது என்று நம்பி மொட்டை மாடியில் எதையும் பரப்ப முடியாத கடற்கரை நம்முடையது. தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்றுதான். பொங்கல் கழிந்து, காற்றின் ஈரம் குறைந்து, மாசி வெயில் ஏறட்டும். அப்போது எழுதிக் கேளுங்கள், அளவுகளோடு சொல்கிறோம்.