குழந்தையின் கைக்கு உருளைக்கிழங்கு: கேள்வி பதில்

வெள்ளவத்தை, மகனுக்கு ஆறரை மாதம்: அக்கா, இவ்வளவு நாளும் மசிச்சுத்தான் குடுத்தனான். கையில பிடிச்சுச் சாப்பிட எந்த அளவில வெட்ட வேணும்? எவ்வளவு நேரம் அவிக்க வேணும்?

இந்த வயதில் உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார், விரல் நுனியால் பொறுக்கமாட்டார். பொத்திய கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் வாய்க்குப் போகும். ஆகவே உங்கள் சுண்டுவிரல் நீளம், 1.5 சென்ரிமீற்றர் தடிப்பு. தோல் சீவி வெட்டி, ஆவியில் 12 முதல் 15 நிமிடம். தண்ணீரில் அவிப்பதென்றால் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் கரையும், நடு வேகாது. அந்தத் தண்ணீரில் தேசிக்காயோ தக்காளியோ சேரக்கூடாது, புளி பட்டால் கிழங்கு இறுகிவிடும்.

மணிக்கூட்டை விட உங்கள் விரலை நம்புங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு துண்டை வைத்து அமத்தினால் இலேசாக நசிய வேண்டும். பல்லில்லாத முரசு அதைத்தான் செய்யப்போகிறது. நடுவில் கட்டி தட்டுப்பட்டால் இன்னும் 3 நிமிடம்.

கொட்டாஞ்சேனை, மகளுக்கு 9 மாதம்: கிழங்கை பிளெண்டரில அடிச்சு கட்லட் மாதிரிச் செய்தன். ஒருநாள் பசை மாதிரி ஒட்டுது, இன்னொருநாள் சட்டியில உடையுது. ஏன்?

ஒட்டுவதற்கு பிளெண்டர்தான் காரணம். அவிந்த கிழங்கின் கலங்களுக்குள் மாப்பொருள் ஊதிப்போய் நிற்கும். பிளேட் அந்தக் கலங்களைக் கிழிக்க, அது வெளியே வந்து கோந்தாகிவிடும். பிள்ளையின் அண்ணத்தில் போய் ஒட்டும். முட்கரண்டியால், சூட்டோடு மசியுங்கள். உடைவதற்குக் காரணம் கிழங்கில் தங்கிய தண்ணீர்.

நடுத்தர அளவில் இரண்டு கிழங்கு, ஏறத்தாழ 250 கிராம். அவித்து வடித்த பிறகு அதே சட்டியில் சிறு நெருப்பில் ஒன்றிரண்டு நிமிடம் குலுக்கி ஈரத்தைப் போக்குங்கள். மசித்து, கெட்டியாக அவித்த மைசூர்ப் பருப்பு 3 மேசைக்கரண்டி, ஒரு முட்டை மஞ்சட்கரு, வறுத்த அரிசி மா 1 மேசைக்கரண்டி சேர்த்துப் பிசையுங்கள். விரல் நீளத்துக்கு உருட்டி பிரிட்ஜில் 20 நிமிடம் வைத்தால் இறுகும். பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, சிறு நெருப்பில் பக்கத்துக்கு 3 நிமிடம். உள்ளே முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும். ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிக்க வேண்டாம், அந்த மொறுமொறுப்பு இப்போதைக்குத் தேவையில்லை.

பருப்பை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது, கிழங்கிலும் அது சொற்பம். பருப்புக்குப் பதில் முள் எடுத்து அவித்த மீனும் போடலாம். ஆனால் முட்டையையும் மீனையும் அதற்கு முன் ஒவ்வொன்றாகத் தனியே கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி: நுவரெலியாக் கிழங்கா, இறக்குமதிக் கிழங்கா நல்லம்?

ஊரை விட இனம்தான் முக்கியம். அவித்தால் மாவாக உதிர்வது உருட்டுவதற்கு, உருக்குலையாமல் நிற்பது விரல் துண்டுக்கு. வாங்கியதில் ஒன்றை அவித்துப் பார்த்தால் தெரியும். பச்சை படர்ந்ததையும் முளைவிட்டதையும் பிள்ளைக்கு எடுக்கவே வேண்டாம். அதிலுள்ள சொலனின் என்ற நச்சு அவித்தாலும் அழியாது.

தெஹிவளை, பேரனுக்கு 8 மாதம்: உப்பில்லாமல் எப்படிப் பிள்ளை சாப்பிடுவான், மகள்?

சாப்பிடுவார் அம்மா. உப்பின் ருசி நமக்குத்தான் பழக்கம், அவருக்கு இல்லை. ஒரு வயது வரை உப்பும் வேண்டாம், கருவாடும் சூப் கட்டியும் வேண்டாம். சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை. மணத்துக்கு ஒரு சிட்டிகை சீரகத்தூள், ஒரு கரண்டி தேங்காய்ப்பால் போதும்.

மட்டக்குளி, மகனுக்கு 7 மாதம்: துண்டு வாய்க்குள்ள போனதும் ஓக்காளிக்கிறான். அப்பாவாக எனக்குக் கை நடுங்குது.

முகம் சிவந்து, சத்தத்தோடு இருமி ஓக்காளித்தால் அவரே வெளியே தள்ளுகிறார். விரலை உள்ளே விடாதீர்கள், துண்டு இன்னும் ஆழமாகப் போய்விடும். சத்தமே இல்லாமல், இருமவும் அழவும் முடியாமல், உதடு நீலமானால்தான் மூச்சடைப்பு. உடனே தலை தாழ்ந்திருக்கக் குப்புறக் கையில் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அமத்தல். வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அமத்தக்கூடாது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் அதே நேரம் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுக்கட்டும். நிமிர்ந்து இருத்தி, பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது மட்டும் சாப்பாடு, வாகனத்தில் வேண்டாம்.

நுகேகொடை, மகளுக்கு 14 மாதம்: எயார் பிரையரில் செய்யலாமா?

முதலில் ஆவியில் அவித்து, எண்ணெய் தடவி 180 பாகையில் 6 நிமிடம். பச்சையாகப் போட்டால் மேலே தோல் கட்டும். கடைச் சிப்ஸ் வேண்டாம்.

கிருலப்பனை: வேலைக்குப் போறனான். முதல் நாளே செய்து வைக்கலாமா?

உருட்டியதைச் சுட்டு, ஆறியதும் பிரிட்ஜில் ஒரு நாள், பிரீசரில் ஒரு மாதம். குளிர்ந்தால் மாப்பொருள் இறுகி ரப்பராகும். அப்படியே கொடுக்காமல் உள்ளே ஆவி பறக்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, விரலால் அமத்திப் பார்த்துக் கொடுங்கள். சூடாக்குவது ஒரே தடவைதான். கொழும்பு வெக்கையில் வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததையும், பிள்ளை கடித்து மிஞ்சியதையும் எறிந்துவிடுங்கள்.