குழாயில் காந்தம் மெதுவாக இறங்க

பழைய பொம்மையில் கழற்றிய கறுப்புக் காந்தம் முக்கால் அங்குல அலுமினியக் குழாயில் கல் மாதிரி விழுகிறது என்கிறீர்கள். குழாயில் தப்பில்லை; ஃபெரைட் காந்தத்துக்கு வலு போதாது, சுற்றிலும் இடைவெளியும் அதிகம்.

ஏசி மெக்கானிக்கிடம் அரை அங்குலச் செம்புக் குழாய் 1 மீட்டர் வாங்கி நிமிர்த்துங்கள். உள்விட்டம் சுமார் 11 மி.மீ. இருக்கும். 10 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் என்ற வலுவான காந்த வில்லைகள் நான்கை ஒட்டிப் போடுங்கள். ஒற்றை வில்லை உள்ளே புரளும்.

முதலில் அதே அளவு போல்ட்டைப் போடுங்கள்: அரை நொடிக்குள் கீழே வந்துவிடும். அடுத்து காந்தம். பார்ப்பவர்களை மேலிருந்து எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், மிதப்பது போல மெதுவாக இறங்குவது தெரியும். செம்பில் காந்தம் ஒட்டாது என்பதையும் முன்பே காட்டுங்கள், அப்போதுதான் வியப்பு. நகரும் காந்தம் செம்பில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் காந்தம் விழுவதை மெதுவாக்குகிறது.

வில்லைகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள். இரண்டை விழுங்கினால் குடலே துளைபடலாம்.